டுபாய்க்கு எந்தச் சிம்?

போன கிழமை கனடாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டான். அவன் வேலை செய்யும் கொம்பனி அவனை முதன்முறையாக டுபாய்க்கும் டோகாவுக்கும் அனுப்புகிறதாம். "அண்ணை, நீங்கள் அங்கை அடிக்கடி போய்வாற ஆள்தானே, எந்தச் சிம் எடுக்கிறது? இஞ்சத்தை ரோமிங் போட்டால் காணுமோ?" என்றான். தொலைபேசியில் அவனுக்கு இரண்டு வரியில் ஒரு பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு வரியில் முடிகிற விசயம் இல்லை இது. இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

என்னைப் பற்றி அறியாதவர்களுக்காக: நான் 1994இல் நோர்வேக்கு அகதியாக வந்தவன். கப்பல்களின் பம்புகளைத் திருத்துவதும் பரிசோதிப்பதும் என் தொழில். கப்பல் எங்கே திருத்தத்துக்கு ஏறுகிறதோ அங்கே நாங்கள் போகவேண்டும். டுபாய் டிரைடொக்ஸ், பஹ்ரெயினில் அஸ்ரி, கட்டாரில் ராஸ் லபான் என்று வளைகுடாவில் திருத்துமிடங்களுக்குக் குறைவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் வளைகுடா வேலை வந்தபோதெல்லாம் வேறு ஆளைத்தான் அனுப்பினார்கள். என்னிடம் இருந்தது அகதிகளுக்கான நீல நிறப் பயணப்பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த "எல்லா நாடுகளும்" அதைக் கையில் வாங்கிப் பார்த்து என்ன சொல்லும் என்பது வேறு கதை. நோர்வே கடவுச்சீட்டு கையில் கிடைத்த பிறகு, 2005இல்தான் முதன்முறை டுபாயில் இறங்கினேன்.

அப்போது எந்தச் சிம் என்ற கேள்வியே அங்கே கிடையாது. 1976இல் தொடங்கிய எதிசலாத் ஒன்றுதான் நாடு முழுவதற்கும். ஒரே கடைதான் ஊரில் என்றால் விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2007 பெப்ரவரியில் டூ என்ற இரண்டாவது நிறுவனம் சேவையைத் தொடங்கியது. விநாடிக் கணக்கில் காசு எடுப்போம் என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். அதுவரை ஒரு நிமிடம் ஐந்து விநாடி கதைத்தால் இரண்டு நிமிடக் காசு. விநாடிக் கணக்கு என்பது எங்களைப் போல கொம்பனி காசில் கதைக்கிறவர்களுக்குப் பெரிய விசயமாகத் தெரியாது. சோனாப்பூரில் இருப்பவனுக்குத் தெரியும்.

சோனாப்பூர் என்றால் ஹிந்தியில் தங்க நகரம் என்று அர்த்தம். வரைபடத்தில் முஹைஸ்னா என்று போட்டிருக்கும். தொழிலாளர்களின் முகாம்கள் நிறைந்த இடம். என் சித்தியின் மகன் 2003இலிருந்து அங்கே ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தான். கட்டட வேலை. மாதச் சம்பளம் 1100 திர்ஹம். ஒவ்வொரு பயணத்திலும் வெள்ளிக்கிழமை அவனைப் போய்ப் பார்ப்பேன். (அப்போதெல்லாம் அங்கே வெள்ளிதான் விடுமுறை. 2022 ஜனவரியில்தான் அரச வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள்.)

டூ வந்த வருடம் அவனுடைய அறையில் இருந்த எல்லோரும் சிம் மாற்றினார்கள். அவன் மட்டும் மாற்றவில்லை. "ஏன்டா, அது மலிவுதானே?" என்று கேட்டேன்.

"நம்பர் மாறினால் அக்கா எப்பிடி எடுப்பா?" என்றான்.

அக்கா புதுக்குடியிருப்பில் இருந்தா. வவுனியாவுக்கு வர முடிகிற நாளில் ஒரு கடையிலிருந்து எடுப்பா. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, பிறகு போர் இறுகியபின் அதுவும் அருகிப்போனது. அவவிடம் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த இலக்கம் அது ஒன்றுதான். இலக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் வசதி எமிரேட்சில் 2013 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னர் மலிவான நிறுவனத்துக்குப் போவது என்றால் பழைய இலக்கத்தைக் கைவிடுவது என்று அர்த்தம்.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதமளவில் அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மாதங்களில் அவன் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் சிம்முக்கு மட்டும் தவறாமல் காசு போட்டுக்கொண்டிருந்தான். காசு போடாமல் விட்டால் ப்ரீபெய்ட் இலக்கம் செத்துவிடும் அல்லவா? மே மாதக் கடைசியில் ஒரு நாள் சாரத்தில் நின்று வேலை செய்யும்போது ஒரு மிஸ்ட் கோல். 0094 என்று தொடங்கும் தெரியாத இலக்கம். மதியம் இறங்கிப் பார்த்துத் திருப்பி எடுத்தால் மெனிக் பாம் முகாமில் யாரோ ஒருவர். "உங்கடை ஆக்கள் ஆரோ என்ரை போனிலை ஒரு ரிங் விட்டவை, நில்லுங்கோ கூப்பிடுறன்" என்றாராம். கூப்பிட்டு வர முக்கால் மணித்தியாலம் ஆனது. இவன் நான்கு தடவை திரும்பத் திரும்ப எடுத்தான். அக்கா உயிரோடு இருந்தா. அத்தான் வரவில்லை என்பதை அன்று அவ சொல்லவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொலைபேசி நிறுவனங்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் நீங்கள் யாருக்கு எடுப்பீர்கள், எத்தனை ஜிபி பாவிப்பீர்கள் என்றே கேட்கிறார்கள். உங்களுக்கு யார் எடுப்பார்கள் என்று கேட்பதில்லை. வேலைப் பயணம் போகிறவனுக்கும் முதல் கேள்வி அதுதான். ஊரில் இருக்கும் வயதான அம்மா, பிள்ளையின் பள்ளிக்கூடம், ஒருதடவைக் கடவுச்சொல் அனுப்பும் வங்கி... இவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது உங்கள் பழைய இலக்கம்தான். ஆகவே வீட்டுச் சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போடாதீர்கள். இரண்டு சிம் போடக்கூடிய போன்தான் இதற்குச் சரியானது. இப்போது பெரும்பாலான புதிய போன்களில் ஒன்று அட்டையாகவும் மற்றது ஈசிம்மாகவும் இருக்கலாம். வீட்டுச் சிம்மைப் போனிலேயே விட்டு, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வந்துசேர்வதற்கு அனேகமான நிறுவனங்கள் காசு எடுப்பதில்லை. அதனால் வங்கிச் செய்தி வரும், அம்மாவின் அழைப்பு திரையில் தெரியும். திருப்பி எடுப்பதை வேறு வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பலருக்குத் தெரியாது. வீட்டு நிறுவனத்தின் குரலஞ்சல் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் எடுக்காத அழைப்பு டுபாய் வரை வந்து, மறுபடி நோர்வேக்கோ கனடாவுக்கோ குரலஞ்சலுக்குத் திரும்பிப் போகும். போனதற்கும் காசு, திரும்பியதற்கும் காசு. நீங்கள் போனைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். புறப்பட முதல் ##002# என்று அழுத்தி அழைப்பு விடுங்கள். எல்லா அழைப்புத் திசைதிருப்பல்களும் இரத்தாகும். திரும்பி வந்து வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லை. நோர்வேயும் அதற்குள் அடக்கம். பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போனாலும் ஜெர்மனிக்குச் சாமத்தியவீட்டுக்குப் போனாலும் போனைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அதே நினைப்பில் டுபாயில் இறங்குகிறார்கள். வளைகுடா அந்த ஒழுங்குக்குள் இல்லை. எங்கள் கொம்பனியில் ஒருவருக்கு நான்கு நாள் பயணத்துக்கு வந்த பில், அந்தப் பயணத்தின் விமான ரிக்கெற்றை விட அதிகம். அவர் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. போன் தன்பாட்டில் படங்களை மேகத்தில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் வெளியே போனாலும் 50 யூரோ அளவில் எச்சரித்து நிறுத்தவேண்டும் என்று 2012 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் போன நாட்டின் வலையமைப்பு பாவனையை உடனுக்குடன் கணக்கெடுக்க விடாவிட்டால் அந்தப் பாதுகாப்பு செல்லாது. அதற்கும் விதியிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்.

சரி, அங்கே போய் எந்தச் சிம்? எமிரேட்சில் இன்றும் அடிப்படையில் இரண்டு வலையமைப்புகள்தான். எதிசலாத், டூ. எதிசலாத்தின் தாய் நிறுவனம் 2022இல் "இ அன்ட்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017இல் வந்த வேர்ஜின் மொபைல், டூவின் நிறுவனத்துக்குக் கீழே இயங்குவது. நகரத்துக்குள் இரண்டுக்கும் இடையில் நான் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. கப்பலின் பம்பு அறைக்குள் இறங்கினால் இரண்டுமே வேலை செய்யாது. உண்மையைச் சொன்னால், விமானநிலையத்தில் எந்தக் கவுண்டரில் வரிசை குறைவோ அங்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் இலக்கம் ஒன்று தேவைதானா, இணையத்தில் வாங்கும் பயண ஈசிம் போதாதா என்று கேட்பீர்கள். ஹொட்டேலுக்கும் மாநாட்டு மண்டபத்துக்கும் இடையில் போய்வருபவருக்குப் போதும். ஆனால் அந்த ஈசிம்களில் அனேகமானவை டேட்டா மட்டும்தான். ஜெபல் அலி வாசலில் நிற்கும் செக்கியூரிட்டியும் துறைமுக ஏஜன்ற்றும் லொறிச் சாரதியும் உங்களுடைய 0047 இலக்கத்துக்கு எடுக்கமாட்டார்கள். அது அவர்களுடைய கைக்காசு. 050, 055 என்று தொடங்கும் இலக்கம் ஒன்றைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் வரும். வெயிலில் 45 பாகையில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இனிப் பெரிய சிக்கலுக்கு வருகிறேன். எமிரேட்சில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு போகாது. பேஸ்டைமும் அப்படித்தான். இணையவழிக் குரல் சேவையை உரிமம் பெற்ற நிறுவனங்களே நடத்தலாம் என்பது அங்குள்ள சட்டம். 2018 ஜனவரியில் எதிசலாத் ஒரு பொதி கொண்டுவந்தது. அப்போது மாதம் 50 திர்ஹம் கட்டினால் போட்டிம், சிமீ என்ற இரண்டு செயலிகளில் கதைக்க முடிந்தது. உலகம் முழுவதும் இலவசமாகக் கதைப்பதை மாதம் 50 திர்ஹமுக்கு வாங்கவேண்டியிருந்தது. சித்தி மகனுக்கு அது ஒரு நாளுக்கு மேற்பட்ட சம்பளம்.

பாதுகாப்பு, ஒழுங்குமுறை என்று காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எதிசலாத்தின் 60 வீதப் பங்கு அரசின் முதலீட்டு அதிகாரசபையிடம் இருக்கிறது. சர்வதேச அழைப்பு என்பது, தூரத்தில் குடும்பத்தை விட்டுவந்தவனிடமிருந்து நிச்சயமாக வரும் காசு. கோட்டு சூட்டோடு வருபவருக்கு இந்தத் தடை ஒரு சிறு எரிச்சல். 2020இல் கொரோனா வந்தபோது ரீம்ஸ், சூம் போன்றவற்றுக்கு வழிவிட்டார்கள், ஏனென்றால் அலுவலகங்கள் நின்றுவிடும். முகாம் அறையில் இருப்பவன் தாயின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதற்கு அந்த அவசரம் யாருக்கும் தோன்றவில்லை.

இங்கேதான் வெளிநாட்டுச் சிம்முக்கு ஒரு நன்மை. ரோமிங்கில் இருக்கும்போது உங்கள் டேட்டா சாதாரணமாக முதலில் உங்கள் சொந்த நாட்டு வலையமைப்புக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. நீங்கள் நிற்பது டுபாயில், இணையத்துக்கு நீங்கள் ஒஸ்லோவில். அதனால் ஹொட்டேல் வை-பையிலும் உள்ளூர்ச் சிம்மிலும் போகாத வாட்ஸ்அப் அழைப்பு ரோமிங்கில் பெரும்பாலும் போகும். உங்கள் நிறுவனம் வளைகுடாவுக்கு நியாயமான விலையில் நாட்பொதி தந்தால், வீட்டுக்குக் கதைக்க அது ஒன்றை வாங்குவதில் தவறில்லை. விபிஎன் போட்டுக் கதைக்கலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். குற்றம் ஒன்றைச் செய்யவோ மறைக்கவோ பொய் இணைய முகவரி பாவித்தால் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கொம்பனியின் சொந்த விபிஎன்னில் வேலை செய்வது வேறு, அதைத் தடைதாண்டப் பாவிப்பது வேறு.

ஒட்டுக்கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2009 ஜூலையில் எதிசலாத்தின் பிளாக்பெரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மென்பொருள் மேம்படுத்தல் வந்தது. போன்களின் மின்கலம் விரைவாகத் தீர்ந்துபோக, ஆட்கள் ஆராய்ந்தார்கள். அது கண்காணிப்பு மென்பொருள் என்று பிளாக்பெரியைத் தயாரித்த ரிம் நிறுவனமே அறிவித்தது. அடுத்த வருடம் பிளாக்பெரி செய்திச் சேவையை 2010 ஒக்டோபர் 11 முதல் நிறுத்துவோம் என்று எமிரேட்ஸ் அறிவித்து, கடைசி நேரத்தில் கைவிட்டது. வியாபாரிகளுக்கு அப்போது பெரிய அதிர்ச்சி. எங்களுக்கு அப்படி ஒரு அதிர்ச்சியும் இல்லை. ஊரில் ரெலிபோனில் கதைக்கும்போது "மழை பெய்யுதோ" என்று கேட்டு வேறொன்றை விளங்கிக்கொண்ட சனம் நாங்கள். போனில் எதைக் கதைக்கக்கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

சவூதிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ஜனவரியிலிருந்து அங்கே சிம் வாங்க விரல் அடையாளம் கொடுக்கவேண்டும். தம்மாமில் ஒரு கடையில் சிறு கண்ணாடிப் பெட்டியை நீட்டி "விரலை வையுங்கள்" என்றார் கடைக்காரர். மலையாளி. என்னோடு வந்த நோர்வேக்காரருக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்துக்கொண்டே வைத்தார். எனக்கு 1994இல் பொலிஸ் நிலையத்தில் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கருப்பு மையில் உருட்டியது நினைவுக்கு வந்தது. கை கழுவத் தந்த சவர்க்காரத்தின் மணம்கூட. இந்தமுறை ஒரு விரல், மை இல்லை, கேட்டது ஒரு சிம்முக்காக. வைத்தேன்.

எமிரேட்சிலும் 2012இலிருந்து ஒவ்வொரு சிம்மும் ஓர் அடையாளப் பத்திரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அங்கே வாழ்கிறவருக்கு விசா முடிந்தால் இலக்கமும் போகும். சித்தி மகன் 2019இல் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது பதினாறு வருட இலக்கம் அப்படியே போனது. அக்காவின் கொப்பியில் அது இன்னும் இருக்கிறதாம்.

வளைகுடாவில் ஒரே பயணத்தில் இரண்டு மூன்று நாடு போகிறவர்கள் ஒரு நாட்டுச் சிம் எல்லா இடமும் ஓடும் என்று எண்ணவேண்டாம். ஆறும் தனித்தனி நாடுகள். எமிரேட்ஸ் சிம் கட்டாரில் ரோமிங்தான். கட்டாரில் ஊரிடுவும் வோடபோனும், குவைத்தில் செயின், ஊரிடு, எஸ்ரிசி. ஓமானில் ஓமான்ரெல், ஊரிடு, 2022இல் வந்த வோடபோன். இரண்டு நாளுக்கு மேல் ஒரு நாட்டில் தங்கினால் அங்கேயே ஒன்று எடுப்பது மலிவு. எல்லைப்பக்கம் கவனம் தேவை. டுபாயிலிருந்து ஹத்தாப் பக்கம் மலைக்குள் போனால் போன் சத்தமில்லாமல் ஓமான் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். கோபாரிலிருந்து பஹ்ரெயினுக்குப் போகும் 25 கிலோமீற்றர் பாலத்திலும் நடுவில் எங்கோ நாடு மாறும். அந்த இடங்களில் வலையமைப்பைக் கையால் தெரிவுசெய்து பூட்டிவிடுவது நல்லது.

கடைசியாக விமானம். 2008 மார்ச் 20இல் டுபாயிலிருந்து கசபிளாங்கா போன எமிரேட்ஸ் விமானத்தில்தான் பயணிகள் முதன்முறையாக அனுமதியோடு கைத்தொலைபேசியில் கதைத்தார்கள். ஆனால் விமானத்துக்குள் இருக்கும் அந்தச் சிறு வலையமைப்பு பெரும்பாலான ரோமிங் பொதிகளுக்குள் அடங்காது. நீங்கள் தூங்கும்போது உங்கள் போன் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கதவு மூடியதும் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். இறங்கியபின் முதலில் விமானநிலைய வை-பை. ரோமிங் விலை சொல்லும் குறுஞ்செய்தி வரும்வரை பொறுத்திருந்து, அதை ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு டேட்டாவைத் திறவுங்கள்.